பிளந்த பிளாக்கும் பழைய டிராக்டரும்



தாராவியில் எனக்குப் பழக்கமான கடைசல் பட்டறை ஒன்றில், சென்ற தைத் திங்களில் ஓர் எஞ்சின் பிளாக் வந்து இறங்கிற்று. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து லாரியில் வந்த சரக்கு. இந்நகரில் ஐம்பது ஆண்டு உழைத்த பெரியவர் ஒருவர், காலஞ்சென்ற தம் தந்தையார் ஓட்டிய பி-275 டிராக்டரை மறுபடியும் வயலில் இறக்க விரும்பினார். அவ்வண்டிக்கு மும்பையே தாய்வீடு. மகிந்திரா நிறுவனத்தார் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியாருடன் கூடி 1963-இல் தொடங்கிய தொழில் அது, காந்திவலியில் நடைபெற்றது.

பிளாக்கின் பக்கச் சுவரில் மயிரிழை போல் ஒரு கோடு. "வெல்டிங் வைத்தால் போயிற்று, அண்ணாச்சி" என்றான் பட்டறைப் பையன். பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். பொறுங்கள் என்றேன்.

அவ்வாறு சொல்லக் காரணம் உண்டு. இளமையில், அவசரக்காரர் ஒருவரின் பிளாக்கை நானே சூடேற்றிப் பற்றவைத்தேன். ஆறும்போது 'டக்'கென்று ஓசை கேட்டது. பற்றுக்கு இரண்டு விரற்கடை அப்பால் புதிய விரிசல்! வார்ப்பிரும்பில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் கரி உண்டு. அது ஏடு ஏடாக உள்ளே கிடப்பதால், அவ்விரும்பு அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஓரிடம் மட்டும் சூடேறி விரிந்து, பின் சுருங்கும்போது, அக்கம்பக்கம் இடங்கொடாமையால் கிழிந்துவிடுகிறது. அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

ஆகவே முதல் வேலை, விரிசல் எதுவரை ஓடுகிறது என்று காண்பது. அழுக்கு நீக்கி, மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, மேலே சுண்ணப்பொடி பூசினோம். சற்று நேரத்தில் ஈரக்கோடு தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்ததைவிட நான்கு விரல் நீளம்! நல்ல வேளையாக, முழுவதும் தண்ணீர் ஓடும் அறையின் வெளிச்சுவரிலேயே இருந்தது. சிலிண்டருக்குள் சென்றிருந்தால் குடைந்து ஸ்லீவ் இறக்கவேண்டும், செலவு ஏறும். கிராங்க் தண்டைத் தாங்கும் இடத்தில் பிளந்திருந்தால், அந்தப் பிளாக்கைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லியிருப்பேன். அங்கே பாசம் உதவாது.

நாங்கள் தேர்ந்தது தையல் முறை. விரிசலின் இரு முனையிலும் துளையிட்டு அதன் ஓட்டத்தை நிறுத்தினோம். பிறகு கோடு நெடுகத் துளையிட்டு, மரை வெட்டி, ஆணிகளை முடுக்கினோம். ஒவ்வொரு புதுத்துளையும் முந்தைய ஆணியைச் சிறிது கடித்துச் செல்லவேண்டும். அப்போதுதான் சங்கிலிபோல் பிணையும். சூடே கிடையாது. நெருப்புக் காட்டக்கூடாத டெக்சாஸ் எண்ணெய் வயல்களில், 1930களில், இவ்வகைக் குளிர்த்தையல் பெரிதும் வளர்ந்தது.

பற்றவைப்பே ஆகாது என்று சொல்லமாட்டேன். 1917-இல் அமெரிக்கத் துறைமுகங்களில் ஜெர்மானிய மாலுமிகள் தம் கப்பல்களின் வார்ப்பிரும்புச் சிலிண்டர்களை உடைத்துப்போட்டனர். புதிதாக வார்க்க நெடுநாளாகும் என்று, அமெரிக்கர் மின்சாரத்தால் பற்றவைத்துச் சில மாதங்களில் கப்பல்களை ஓட்டினர். ஆனால் பொறுமை வேண்டும். நிக்கல் கம்பியால் ஓர் அங்குலம் பற்றவைத்து, இலேசாகத் தட்டி, கை பொறுக்கும் சூடு வரும்வரை காத்திருந்து, பிறகே அடுத்த அங்குலம்.

தைத்த பிளாக்கின் வாய்களை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, சோப்புநீர் பூசினோம். ஓரிடத்தில் ஒரே ஒரு குமிழி. பெரியவர் பேசவில்லை. அந்த ஆணியைக் கழற்றி வேறு முடுக்கினோம், குமிழி நின்றது.

விரிசலின் காரணத்தைப் பிறகு அவரே சொன்னார். கோடையில் ரேடியேட்டர் கொதித்தபோது, யாரோ கிணற்றுத் தண்ணீரைக் குடத்தோடு ஊற்றியிருக்கிறார்கள். குளிர்நாட்டில் உறைந்த நீர் செய்வதை நம்மூரில் பச்சைத்தண்ணீர் செய்துவிடுகிறது. எஞ்சின் தானே ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள் என்று ஊருக்கு எழுதச் சொன்னேன்.

பங்குனியில் வண்டி ஓடிற்று. தொலைபேசியில் அதன் ஓசையை எனக்குக் கேட்கச் செய்தார். நான் கேட்டது ஒன்றே: "முதல் சூட்டுக்குப் பிறகு ஹெட் போல்ட்டுகளை மறுபடி முடுக்கினார்களா, அண்ணாச்சி?"