ஒரு சரக்கு, ஊருக்கு ஒரு பெயர்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவிலும் கள்ளச்சாராயம் உண்டா என்று சிலர் கேட்கலாம். உண்டு. ஊருக்கு ஊர் செல்லப் பெயரும் உண்டு.

'மூன்ஷைன்' என்றால் நிலவொளி. 1785-இல் வெளியான ஓர் ஆங்கில அகராதியிலேயே கடத்தல் பிராந்திக்கு இந்தப் பெயர் இருக்கிறது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதியில், இரவில் திருட்டுத்தனமாகக் காய்ச்சிய மக்காச்சோளச் சாராயத்துக்கு அது நிலைத்துவிட்டது. 'வெள்ளை மின்னல்' என்றும் சொல்வார்கள். உதைக்கும் என்பதால் 'வெள்ளைக் கோவேறு கழுதை' என்றும் ஒரு பெயர். 'மவுண்டன் டியூ', அதாவது மலைப் பனித்துளி, இன்னொரு பெயர். நம் வீட்டுப் பிள்ளைகள் குடிக்கும் குளிர்பானம், 1940-களில் டென்னசியில் விஸ்கியில் கலக்க உருவானது. பெயர் அங்கிருந்து வந்ததுதான்!

வணிகவியல் படித்தவன் ஆதலால் காரணத்தையும் பார்த்தேன். வரிதான்! 1862-இல் காலனுக்கு 20 சென்ட். மூன்றே ஆண்டுகளில் 2 டாலர். தயாரிப்புச் செலவைவிட வரி அதிகம். 1868-இல் 50 சென்ட்டாகக் குறைத்தார்கள், வசூல் கூடியது.

1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு. நகரங்களில் 'குளியல் தொட்டி ஜின்' வந்தது. 'ஜேக்' என்ற இஞ்சி மருந்தையும் போதைக்காகக் குடித்தார்கள். 1930-இல் அதில் கலந்த ஒரு ரசாயனத்தால் ஆயிரக்கணக்கானோருக்குக் கால் விளங்காமல் போனது. அந்த நோய்க்கு 'ஜேக் கால்' என்றே பெயர். பழைய கார் ரேடியேட்டரில் வடித்த சாராயத்தில் ஈயமும் சேர்ந்தே வந்தது.

'ஹூச்' என்ற சொல் அலாஸ்காவின் பழங்குடி ஊர்ப் பெயரிலிருந்து வந்தது. 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது நம் ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதியதும் இதே சொல்தான்.

மின்னல், நிலவு, பனித்துளி எல்லாம் கேட்க அழகு. ஆனால் புட்டியில் மெத்தனால் இருந்தால் நிறமும் வாசனையும் காட்டிக் கொடுக்காது. நம் வளாகத்தில் வேலை பார்க்கும் தம்பிகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: குடித்தபின் கண் மங்கினாலோ, வயிறு வலித்தாலோ, போதை தெளியட்டும் என்று படுத்துவிடக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். போலீசுக்குப் பயந்து தாமதித்தால் பார்வை போகும், உயிரும் போகும்.