ஒரு மாதம் உழைத்தாள்; ஒரு கிரெடிட் கூட ஏறவில்லை!

(மாணவர் அணி பயிற்சி வகுப்பில் நமது பேச்சாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் இது போய்ச் சேர வேண்டும்.)



இன்னைக்கு நான் பெரிய அரசியல் பேச வரல. உங்க மார்க் ஷீட்டுல ஏற வேண்டிய ஒரு விஷயத்தைப் பத்திப் பேச வந்திருக்கேன்.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கை. பி.காம். மாணவி. அப்பா லோடு ஏற்றும் தொழிலாளி. அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் பிள்ளை. கோடை விடுமுறையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் ஒரு மாதம் வேலை பார்த்தாள். பில் சரிபார்த்தாள், ஜி.எஸ்.டி. கணக்குப் போட்டாள். உண்மையிலேயே தொழில் கற்றுக்கொண்டாள். கல்லூரி திறந்ததும் சான்றிதழைக் கொண்டுபோய் நீட்டினால், "முன் அனுமதி வாங்கினியாம்மா? இது செல்லாது" என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த விடுமுறையில் மறுபடியும் முதலில் இருந்து! அந்த விடுமுறையில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டிய ஃபீஸ் பணமும் போச்சு.

தப்பு அந்தப் பொண்ணு மேலயா? இல்லை. முன்கூட்டி ஒரு கடிதம் வாங்கணும்னு அவளுக்கு யாருமே சொல்லல. பக்கத்து வீட்டில் பேராசிரியர் இருக்கிற பிள்ளைக்கு இது தெரியும். நம்ம பிள்ளைக்குத் தெரியாது. இந்த இடைவெளியைத்தான் நாம் அடைக்கணும்.

முதல்ல, கணக்கைப் புரிஞ்சுக்கோங்க. பல்கலைக்கழக மானியக் குழு 2024-இல் இளநிலை மாணவர்களின் இன்டர்ன்ஷிப்புக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அதன்படி 30 மணி நேர வேலைக்கு 1 கிரெடிட். 60 மணி நேரம் என்றால் 2. 120 மணி நேரம் என்றால் 4. ஒரு நாளைக்கு 6 மணி நேரம் போனால் 20 நாளில் 120 மணி நேரம் முடிந்துவிடும். மூன்று ஆண்டு டிகிரிக்கு மொத்தம் 120 கிரெடிட் என்று வைத்தால், இந்த 4 சின்ன எண்ணிக்கையாத் தெரியலாம். ஆனால், அது ஏறாமல் டிகிரி கைக்கு வராது, ஞாபகம் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. எல்லாக் கல்லூரிக்கும் ஒரே கணக்கு கிடையாது. பொறியியலுக்கு வேறு, கலை அறிவியலுக்கு வேறு. உங்களுக்குக் கடைசி வார்த்தை உங்கள் பல்கலைக்கழகத்தின் ரெகுலேஷன் புத்தகம்தான். பெரும்பாலும் அது இணையதளத்திலேயே கிடைக்கும். சீனியர் சொன்னான், வாட்ஸ்அப்பில் வந்தது என்று நம்பாதீங்க. எத்தனை மணி நேரம், எந்த செமஸ்டர், எத்தனை கிரெடிட் — இந்த மூன்றையும் நீங்களே படிச்சுப் பாருங்க.

இரண்டாவது, எங்கே தேடுறது? நிறையப் பேர் கேட்கிறார்கள்: "அண்ணா, எனக்குக் கம்பெனியில் யாரையும் தெரியாதே?" தம்பி, இன்டர்ன்ஷிப் என்றால் ஐ.டி. கம்பெனி மட்டும்தானா? வரலாறு படிக்கிறவங்களுக்கு எழும்பூரில் அருங்காட்சியகம் இருக்கு, ஆவணக் காப்பகம் இருக்கு. வணிகவியல் மாணவர்களுக்கு ஆடிட்டர் ஆபீசும் கூட்டுறவு வங்கியும் இருக்கு. வேதியியல் மாணவர்களுக்குப் பால் கூட்டுறவு ஒன்றியத்தின் பரிசோதனைக் கூடம். தமிழ் படிக்கிறவங்களுக்குப் பதிப்பகம், நூலகம், பத்திரிகை அலுவலகம். திருப்பூர், ஓசூர், அம்பத்தூர், சிவகாசி பக்கம் இருக்கிறவங்களுக்குத் தொழிற்கூடம் கூப்பிடு தூரத்தில் இருக்கு. நேரில் போங்க. ஒரு பக்கக் கடிதமும் கல்லூரி அடையாள அட்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க. பத்து இடத்தில் கேட்டால் ஒரு இடத்தில் கதவு திறக்கும். ஏ.ஐ.சி.டி.இ. இன்டர்ன்ஷிப் தளத்திலும் பதிவு பண்ணி வைங்க.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். 2024-இல் ஒன்றிய அரசு பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டத்தை அறிவித்தபோது, அது முழுநேரமாகப் படிக்கும் மாணவர்களுக்கானதாக இல்லை. அதை நம்பி செமஸ்டரைக் கோட்டை விட்டுடாதீங்க. அப்ரண்டிஸ் பயிற்சியும் இன்டர்ன்ஷிப்பும் வேறு வேறு. தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம் பொதுவாகப் பட்டமோ டிப்ளமோவோ முடித்தவர்களுக்கு. அதில் உதவித்தொகை உண்டு. படிப்பு முடிந்ததும் அதைத் தேடுங்க.

மூன்றாவது, இதுதான் முக்கியம். வேலையில் சேர்வதற்கு முன்னாடி செய்ய வேண்டியது:

▪️ எச்.ஓ.டி.யிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து அனுமதிக் கடிதம் வாங்குங்க. வாய்வார்த்தை போதாது.
▪️ கல்லூரியில் வழிகாட்டும் ஆசிரியர் ஒருவர், வேலை செய்யும் இடத்தில் மேற்பார்வையாளர் ஒருவர் — இரண்டு பேர் பெயரும் அதில் இருக்கணும்.
▪️ தினமும் டைரி எழுதுங்க. என்ன செய்தேன், எத்தனை மணி நேரம். வாரம் ஒருமுறை மேற்பார்வையாளர் கையெழுத்து.
▪️ சான்றிதழில் தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மொத்த மணி நேரம் மூன்றும் இருக்கணும்.
▪️ அறிக்கையை நீங்களே எழுதுங்க. வைவாவில் கேள்வி கேட்டால் கடையில் வாங்கின அறிக்கை பேசாது.
▪️ டிஜிலாக்கர் வழியாக ஏ.பி.சி. என்னும் கிரெடிட் வங்கிக் கணக்கைத் திறந்து வைங்க. கிரெடிட் ஏறியதா என்று நீங்களே பாருங்க.

நான்காவது, ஏமாறாதீங்க! "3,000 ரூபாய் கட்டு, வீட்டிலேயே இரு, இரண்டு நாளில் சான்றிதழ்" என்று விளம்பரம் வரும். வேலை வாங்குகிறவன்தான் காசு கொடுக்கணும். வேலை செய்கிறவன் ஏன் கொடுக்கணும்? அந்தக் காகிதத்தைக் கல்லூரி நிராகரித்தால் காசும் போச்சு, விடுமுறையும் போச்சு. அப்படியே ஏற்றுக்கொண்டாலும், நாளைக்கு நேர்காணலில் "அங்கே என்ன செய்தீங்க?" என்று கேட்டால் என்ன சொல்லப் போறீங்க?

தோழர்களே, மாணவன் செய்ய வேண்டியதைச் சொன்னேன். கல்லூரியும் அரசும் செய்ய வேண்டியதையும் சொல்லியாகணும். கட்டாயம் என்று விதி போட்டால், இடம் தேடித் தரும் பொறுப்பும் கல்லூரிக்கு வரணும். ஒவ்வொரு துறையிலும் பயிற்சி தரும் இடங்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படணும். முன் அனுமதி விதி முதல் செமஸ்டரிலேயே தமிழில் அச்சடித்துக் கையில் தரப்படணும். கிராமத்திலிருந்து வரும் பிள்ளைக்குப் பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் கூடச் சுமைதான். கூலி வேலையை விட்டுட்டு வரும் அந்த 20 நாளுக்கு ஒரு உதவித்தொகை கேட்பது சலுகை அல்ல, நியாயம்!

அதுவரை நாம் சும்மா இருக்கப் போறதில்லை. இங்கே இருக்கிற ஒவ்வொருவரும் உங்கள் கல்லூரி ரெகுலேஷனில் இன்டர்ன்ஷிப் பற்றிய பக்கத்தைப் படித்து, பத்து ஜூனியர்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்லுங்க. உங்கள் ஊரில் கடை, தொழிற்கூடம், அலுவலகம் நடத்தும் நம் தோழர்கள் வருடத்துக்கு இரண்டு மாணவர்களைச் சேர்த்துக்கோங்க. டீ வாங்கிவர அனுப்பாம, தொழிலைக் கற்றுக்கொடுங்க.

அந்தத் தங்கை இரண்டாவது முறை கடிதத்தோடு போனாள், முடித்தாள், கிரெடிட் ஏறியது. ஆனால், இன்னொரு தங்கைக்கு அந்த இரண்டாவது முறையே வரக் கூடாது. அதுக்குத்தான் இவ்வளவும் பேசினேன்.



📌 உங்கள் கல்லூரியில் இன்டர்ன்ஷிப் கிரெடிட் மறுக்கப்பட்டிருந்தால் கமெண்டில் எழுதுங்கள். பகிருங்கள், ஒரு முதல் தலைமுறை மாணவருக்காவது போய்ச் சேரட்டும்.

#மாணவர்அணி #இன்டர்ன்ஷிப் #முதல்தலைமுறை