பின்னங்கால் வராத பிராணிகள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"டாக்டர், பின்னங்கால் வரலை. ஊசி போட்டு முடிச்சிடுங்க." பிராக்டீஸில் இருக்கும் நாம் எல்லோரும் கேட்ட வார்த்தைதான் இது. சிரிஞ்சைத் தொடுவதற்கு முன் எந்தத் தேய்வு என்று பார்த்துவிடுங்கள். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

டாஷ்ஹண்ட் போன்ற குட்டைக்கால் நாய்களுக்கு டிஸ்க்கின் நடுவிலுள்ள கூழ் இளம் வயதிலேயே கெட்டியாகிச் சுண்ணாம்பு ஏறும். ஒருநாள் அது பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தும். மார்பும் இடுப்பும் சேருகிற இடத்தில்தான் இது அதிகம். நேற்று ஓடிய நாய் இன்று எழுந்திருக்காது. முதுகைத் தொட்டால் கத்தும். 1952-ல் ஹேன்சன் இதை முதல் வகை என்று பிரித்தார். பெரிய இனங்களில் வயதான பின் டிஸ்க் மெதுவாகப் புடைப்பது இரண்டாம் வகை.

ஜெர்மன் ஷெப்பர்டில் வருகிற டீஜெனரேட்டிவ் மயலோபதி வேறு சமாச்சாரம். பொதுவாக 8 வயதுக்கு மேல் வரும். நகம் தரையில் தேய்கிற சத்தம் முதலில் கேட்கும். பிறகு இடுப்பு ஆடும். ஆனால் வலி இருக்காது. 2009-ல் இதற்கு எஸ்ஓடி1 மரபணு மாற்றத்தோடு தொடர்பு கண்டார்கள். மனிதருக்கு வரும் ஏஎல்எஸ் நோயிலும் சிலருக்கு அதே மரபணுதான் காரணம். குணப்படுத்த மருந்து இல்லை. தினசரி நடையும் பிசியோதெரபியும் கால்களை இன்னும் கொஞ்ச காலம் ஓட வைக்கும்.

எக்ஸ்ரேயில் கிளி மூக்கு மாதிரி எலும்பு வளர்ந்திருந்தால் பதற வேண்டாம். ஸ்பாண்டிலோசிஸ் பெரும்பாலும் சும்மா இருக்கும். அதையே காரணமென்று எழுதிவிட்டால் உண்மையான நோய் தப்பிவிடும்.

பூனை நொண்டிக் காட்டாது. அலமாரியில் ஏறுவதை நிறுத்தும், முதுகு ரோமம் சடை பிடிக்கும். வீட்டுக்காரர் "வயசாயிடுச்சு" என்பார். வலிக்கு என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாமல் எச்சரியுங்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொல்லும். திடீரென்று பின்னங்கால் விழுந்த பூனைக்குத் தொடை நாடியைப் பாருங்கள். பாதம் ஜில்லென்று, நாடி இல்லையென்றால் கோளாறு முதுகில் இல்லை, ரத்தக்கட்டி.

மாணவர்களுக்கு ஒன்று. விரலைக் கிள்ளினால் நாய் காலை இழுப்பது வெறும் ரிஃப்ளெக்ஸ். திரும்பிப் பார்த்தாலோ கத்தினாலோதான் வலி மூளைக்குப் போகிறது என்று அர்த்தம். டிஸ்க் பிதுங்கிய நாய்க்கு இந்த உணர்வு இருந்தால், ஆபரேஷனுக்குப் பின் பத்தில் ஒன்பது நடக்கும். உணர்வு போயிருந்தாலும் ஏறக்குறைய பாதி நடக்கும். ஆனால் தாமதிக்கக் கூடாது. நடக்கும் நிலையிலுள்ள நாய்க்குக் குறைந்தது 4 வாரம் கூண்டு ஓய்வே பல நேரம் போதும்.

இந்தக் கணக்கை வீட்டுக்காரரிடம் உட்கார வைத்துச் சொல்லுங்கள். அதன் பிறகும் ஊசிதான் என்று அவர் முடிவெடுத்தால் அது தெரிந்து எடுத்த முடிவு. பயத்தில் எடுத்ததாக இருக்கக் கூடாது.