நம் பெண்மக்களுக்காக
(இளம்பெண்கள் கூட்டத்தில் பங்குக் குரு ஆற்றிய உரை)



"வெளியே தெரிந்தால் மானம் போகும்" என்று நாமும் ஒருகாலத்தில் அழுதுவந்த தாய் ஒருத்தியைத் திருப்பி அனுப்பினோம். தவறு செய்தோம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை அறிந்த எவரும் அதைத் தெரிவித்தாக வேண்டும், பங்குக் குருவும்தான். பிள்ளை போலீஸ் ஸ்டேஷன் படி ஏறவேண்டியதில்லை. சீருடையில்லாத அதிகாரி, கூடியமட்டும் பெண் சப்-இன்ஸ்பெக்டர், வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாக்குமூலம் பெறவேண்டும். பெயரோ படமோ பத்திரிகையில் வரலாகாது. 1098 என்ற எண் நம் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகட்டும்.

சனிக்கிழமைதோறும் கோயில் பின்புறம் சிலம்பம் பழகுகிறார்கள். முதல்நாள் ஆசான் கம்பைத் தரவில்லை. உரக்கக் கத்தச் சொன்னார். ஒருத்திக்கும் குரல் எழும்பவில்லை. சென்ற வாரம் அறைவீட்டிலிருந்த நமக்கே காதடைத்தது.