மூன்றாவது கம்பி

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தஞ்சைத் தரணியில் ஒரு நெல்லுக்கு வானொலியின் பெயர் அமைந்த வரலாற்றை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல்லைப் பற்றி 1960-களில் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் திரும்பத் திரும்ப எடுத்துரைத்தது. கேட்டவர்கள் பயிரிட்டார்கள், பயிரிட்டவர்கள் அதை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். 1939-ஆம் ஆண்டில் தொடங்கிய அந்நிலையத்திற்கு இதைவிடப் பெரிய விருது வேறென்ன வேண்டும்?

அந்நாளில் ஊருக்குப் பொதுவான வானொலிப் பெட்டியைச் சுற்றி மக்கள் கூடுவார்கள். பெட்டியைத் தொடுபவர் ஒருவரே. இன்று வீடுதோறும் டெலிவிஷன், ஆம்பிளிபயர், ஆளுயர ஒலிபெருக்கிகள். சிறு குழந்தை முதல் பாட்டி வரை எல்லோருமே தொடுகிறார்கள். ஆகவே அவற்றுள் பாயும் 230 வோல்ட் மின்சாரத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வந்திருக்கிறோம்.

அண்மையில் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தோம். கூடத்தில் இரும்புப் பெட்டியில் அமைந்த ஆம்பிளிபயர் ஒன்று பாடிக்கொண்டிருந்தது. அதைத் தொடப்போன நம்மை வீட்டுக்காரர் தடுத்தார். "செருப்பைப் போட்டுக்கொண்டு தொடுங்கள் ஐயா, சுள்ளென்று இழுக்கும்" என்றார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டோம். ஓர் ஆண்டாகவாம்! டெலிவிஷனோடு இணைத்தபோது ஒலிபெருக்கியில் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்திருக்கிறது. பழுது பார்க்க வந்தவர் பிளக்கினுள் இருந்த பச்சைக் கம்பியை நறுக்கிவிட்டார். இரைச்சல் நின்றது, வீட்டாருக்கு மகிழ்ச்சி. நாள் செல்லச் செல்ல உள்ளிருக்கும் டிரான்ஸ்பார்மரின் காப்பு தளர்ந்து, மின்சாரம் இரும்புப் பெட்டிக்குக் கசிந்துவிட்டது. ஒரு நாள் ஈரத் துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த மருமகளின் முழங்கை பெட்டியில் பட்டது. அவர் பின்னால் சாய்ந்து விழுந்ததால் பிழைத்தார். முன்னால் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பச்சைக் கம்பிதான் எர்த் கம்பி. பெட்டிக்குக் கசியும் மின்சாரம் மனிதரைத் தேடாமல் நேரே மண்ணுக்கு இறங்க அது வழி செய்கிறது. அதை நறுக்கினால் அடுத்தபடியாக மண்ணோடு தொடர்புள்ளவர் யாரோ அவரே வழியாகிவிடுவார். இரைச்சலைப் போக்குவதற்கு வேறு முறை உண்டு. இரண்டு கருவிகள் இரண்டு வெவ்வேறு சுவர்ப் பாயின்ட்டுகளிலிருந்து எர்த் பெறும்போது கம்பிகளிடையே ஒரு வளையம் ஏற்படுகிறது. இரைச்சல் பெரும்பாலும் அதனால் வருவதே. எல்லாவற்றையும் ஒரே பலகையிலிருந்து இணைத்தால் பல வீடுகளில் அது அடங்கிவிடும். அடங்காவிட்டால் ஒலிக்கம்பியின் இடையே வைக்கச் சிறு டிரான்ஸ்பார்மர் கிடைக்கிறது. இரட்டைக் காப்பு உடையவை எனச் சதுரத்துள் சதுரக் குறியிட்ட சில கருவிகளுக்கு இரண்டு முனைகளே போதும். மூன்று முனையோடு வந்ததை இரண்டு முனையாக்கும் உரிமைதான் நமக்குக் கிடையாது. பிளக்கே இல்லாமல் வெறும் கம்பியைத் தீக்குச்சி வைத்துச் சொருகுகிறவர்களைப் பற்றி என்ன சொல்வது! அவர்களும் இச்சபையில் இருக்கிறார்கள் என்று எண்ணுகிறோம்.

"பியூஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா?" என்று கேட்பதுண்டு. பியூஸ் காப்பது கம்பியைத்தான், மனிதரை அன்று. 5 ஆம்பியர் பியூஸ் 5,000 மில்லி ஆம்பியர் வரை பேசாமல் விட்டுக்கொண்டிருக்கும். மார்பின் வழியே 50 மில்லி ஆம்பியர் சில கணங்கள் பாய்ந்தாலே இதயம் நிலைகுலையக்கூடும். மனிதரைக் காக்கும் கருவி வேறு. ஆர்.சி.சி.பி. என்று மின்சாதனக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். எர்த் இல்லாத வீட்டிலும் அது வேலை செய்யும். ஆனால் ஒருவர் தொட்ட பிறகே செய்யும். எர்த்தும் இருந்தால் யாரும் தொடுமுன்னரே செய்துவிடும்.

நம் டெல்டா மண்ணைப் பற்றி ஒன்று கூற வேண்டும். ஈரம் ஏறிய களிமண் மின்சாரத்தை நன்கு கடத்தும். வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்து கருவியைத் தொடுகிறவருக்கு அதுவே ஆபத்து. எர்த் குழிக்கோ அதுவே பலம். இரண்டரை மீட்டர் நீளமுள்ள நாகப்பூச்சு இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டால் நல்ல எர்த் அமையும். ஆனால் கோடையை மறக்கலாகாது. வழக்கப்படி ஜூன் 12-ல் திறக்கும் மேட்டூர் அணை ஜனவரி 28-ல் மூடிய பிறகு நிலம் காய்ந்து வெடிக்கிறதல்லவா? எர்த் குழியும் அவ்வாறே காயும். வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வாருங்கள். குழிக்குச் செலவிட மனமின்றி எர்த் துளையையும் நியூட்ரலையும் ஒரு கம்பியால் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. எங்கேனும் நியூட்ரல் அறுந்தால் அந்த வீட்டின் இரும்புப் பெட்டிகள் எல்லாவற்றிலும் மின்சாரம் ஏறிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இடி தொலைவில் உறுமும்போதே பிளக்கையும் டிஷ் கம்பியையும் பிடுங்கிவிட வேண்டும். இடி தலைக்கு மேல் வந்த பின் கம்பிகளைத் தொடாமலிருப்பதே நன்று. வெள்ளத்தில் நனைந்த பெட்டியை, வெளியே உலர்ந்துவிட்டதென்று நம்பி முடுக்கிப் பார்க்காதீர்கள்; உள்ளே வண்டல் இருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் ஓய்ந்த பின் இந்த அவசரம் பல வீடுகளில் எழுந்திருக்கும். நெல் மூட்டையும் பத்தாயமும் உள்ள வீட்டில் எலி இல்லாமல் இராது. அவற்றின் பின்புறமாக ஓடும் கம்பிகளை அறுவடைக்கு ஒரு முறையேனும் விளக்கேற்றிப் பாருங்கள். பூவேலை செய்த துணியால் ஆம்பிளிபயரை மூடுவது அழகுதான். ஆனால் ஓடும்போது அதற்கு மூச்சு முட்டும்.

பழைய வால்வு ரேடியோவைப் பாட்டன் நினைவாகப் போற்றி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றுள் டிரான்ஸ்பார்மர் இல்லாத வகை உண்டு. அதன் உட்தகடே மின்கம்பியோடு நேரே இணைந்தது. எந்தப் பெட்டியானாலும் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்கள் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். திறக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

யாரையேனும் மின்சாரம் பற்றிக்கொண்டால் கையால் இழுக்காதீர்கள். மெயினை நிறுத்துங்கள், அது எட்டாவிட்டால் உலர்ந்த மூங்கிலால் கருவியையோ கம்பியையோ தள்ளி விலக்குங்கள். மூச்சு இல்லையெனில் மார்பின் நடுவே விடாது அழுத்திக்கொண்டே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு நேரமும் இரும்பு மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசிவிட்டோம். இந்த மண்டபம் பஞ்சாயத்துக்குச் சொந்தமானது, ஆம்பிளிபயரும் அவ்வாறே. கூட்டம் முடிந்ததும் அதன் பிளக்கைப் பிடுங்கித் திறந்து பார்ப்போம், உறுப்பினர்கள் அருகில் வாருங்கள். உள்ளே பச்சைக் கம்பி இருக்கிறதா என்பதை நாமும் இன்னும் பார்க்கவில்லை.