பத்துக்கும் ஒரே உடம்பு



தடகளத்தில் நான் மிகவும் மதிக்கும் போட்டி டெகாத்லான். இரண்டே நாளில் பத்துப் போட்டிகள். முதல் நாள் நூறு மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், உயரம் தாண்டுதல், நானூறு மீட்டர் ஓட்டம். மறுநாள் தடை தாண்டும் ஓட்டம், வட்டு எறிதல், கோலூன்றித் தாண்டுதல், ஈட்டி எறிதல், எல்லாம் முடிந்து உடம்பு ஓய்ந்திருக்கும் நேரத்தில் 1500 மீட்டர் ஓட்டம்.

இந்தப் பத்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. 7.26 கிலோ குண்டைத் தள்ளுவதற்கு அகன்ற தோளும் கனத்த தொடையும் வேண்டும். அப்படிச் சேர்த்த சதை உயரம் தாண்டும்போது பாரம், 1500 மீட்டரில் பெரும் பாரம். அதனால் டெகாத்லான் வீரரின் பயிற்சி என்பது தன் உடம்போடு ஓயாமல் நடத்தும் பேரம். எதிலும் உச்சத்தைத் தொட முடியாது என்று தெரிந்தே ஒவ்வொரு நாளும் மைதானத்துக்கு வர வேண்டும். எனக்கு அதுவே பெரிய மனத்திடமாகத் தெரிகிறது.

ஆனால் களைப்பைவிடக் கடினமானது வேறொன்று: சற்று முன் நடந்ததை மறப்பது. எறிதலுக்கும் நீளம் தாண்டுதலுக்கும் மூன்றே வாய்ப்புகள். மூன்றும் தவறினால் அந்தப் போட்டிக்குப் புள்ளியே கிடையாது. உயரத்திலும் கோலூன்றலிலும் தொடங்கும் உயரத்தையே மூன்று முறை தட்டிவிட்டால் அதே கதிதான். ஒரு போட்டி முடிந்து அரை மணி நேரத்திலேயே அடுத்தது தொடங்கிவிடலாம். வருத்தப்பட அவகாசமில்லை. நன்றாகச் செய்தவருக்கும் அதே சிக்கல்தான். மகிழ்ச்சி தலைக்கேறினால் அடுத்த குண்டு கைநழுவும்.

அமெரிக்காவின் டான் ஓ'பிரையனை நினைத்துப் பாருங்கள். 1992 ஒலிம்பிக்குக்கான தேர்வுப் போட்டியில் அவர்தான் முன்னிலை. கோலூன்றலில் 4.80 மீட்டரில் தொடங்கினார். மூன்று முறையும் தவறியது. பார்சிலோனா போக முடியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பிரான்சின் தலான்ஸ் நகரில் 8891 புள்ளிகளுடன் உலக சாதனை படைத்தார். நான்கு ஆண்டு கழித்து அட்லாண்டாவில் தங்கமும் வென்றார்.

இன்னொருவர் கெவின் மேயர், பிரான்சுக்காரர். 2018 ஆகஸ்டில் பெர்லினில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் நீளம் தாண்டுதலின் மூன்று முயற்சிகளும் ஃபவுல். இரண்டாவது போட்டியிலேயே பதக்க நம்பிக்கை முடிந்தது. அடுத்த மாதம் அதே தலான்ஸில் இறங்கினார். தன்னைக் கவிழ்த்த அதே நீளம் தாண்டுதலில் 7.80 மீட்டர் தாண்டினார். ஈட்டி 71.90 மீட்டர் பறந்தது. மொத்தம் 9126 புள்ளிகள், புதிய உலக சாதனை. ஒரு மாதத்துக்கு முன் மண்ணில் விழுந்த மனத்தை அவர் எப்படித் தூக்கி நிறுத்தினார் என்று நான் இன்னமும் வியக்கிறேன்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. அமெரிக்காவின் ரேஃபர் ஜான்சனும் தைவானின் சி. கே. யாங்கும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே பயிற்சியாளரிடம் பயின்ற நண்பர்கள். மழையால் தாமதமாகி முதல் நாள் நள்ளிரவை நெருங்கித்தான் முடிந்தது. மறுநாள் காலையிலேயே தடை ஓட்டம். பத்துப் போட்டிகளில் ஏழில் யாங் நண்பரை முந்தினார். குண்டு, வட்டு, ஈட்டி மூன்றிலும் ஜான்சன் பெரிதாக அள்ளினார். டெகாத்லானில் யாரை முந்தினோம் என்பதற்குப் புள்ளி இல்லை. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்பதற்குத்தான். அதனால் கடைசி ஓட்டத்துக்கு முன் ஜான்சன்தான் முன்னிலையில் இருந்தார். யாங்குக்குத் தங்கம் வேண்டுமென்றால் நண்பரை ஏறத்தாழ பத்து விநாடி பின்தள்ள வேண்டும். நீண்ட ஓட்டத்தில் யாங்தான் வல்லவர்.

பயிற்சியாளர் டக்கி டிரேக் இருவருக்கும் உண்மையாக நடந்துகொண்டார். 'யாங்கை விட்டு விலகாதே' என்ற பொருளில் ஜான்சனிடம் சொன்னார். வேகம் கூட்டி ஜான்சனைக் களைப்படைய வைக்கும்படி யாங்கிடம் சொன்னார். யாங் இழுத்து இழுத்துப் பார்த்தார். ஜான்சன் நிழல்போல் ஒட்டிக்கொண்டே வந்தார். முடிவில் இடைவெளி 1.2 விநாடிதான். 58 புள்ளி வித்தியாசத்தில் ஜான்சனுக்குத் தங்கம்.

நம் நாட்டிலும் இந்தப் போட்டிக்கு ஆள் உண்டு. 1974 டெஹ்ரான் ஆசியப் போட்டியில் விஜய் சிங் சவுகான் தங்கம் வென்றார். அதற்குப் பிறகு 2023இல் ஹாங்சௌவில் நடந்த ஆசியப் போட்டியில் தேஜஸ்வின் சங்கர் 7666 புள்ளிகளுடன் வெள்ளி வாங்கினார். உயரம் தாண்டுதலில் பெயர் பெற்றவர், மற்ற ஒன்பதையும் கற்றுக்கொண்டு வந்தார். அடுத்த முறை டெகாத்லான் ஒளிபரப்பானால், பதக்கம் யாருக்கு என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு வீரர் மோசமாக எறிந்தபின் அடுத்த போட்டிக்கு எப்படி நடந்து வருகிறார் என்று கவனியுங்கள்.