குடிநோயாளரைக் கைவிடலாகாது
(சொற்பொழிவு)



மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களில், அறுவடைக் கூலி கைக்கு வந்த அன்றே மதுக்கடைக்குப் போய்விடும் வீடுகள் உண்டு. "திருந்தாத ஜன்மம்" என்று ஊரார் அவர்களை ஒதுக்கிவிடுகின்றனர். மதுவுக்கோ கஞ்சாவுக்கோ அடிமையாதல் ஒரு நோய். நோய்க்கு வேண்டுவது ஏச்சன்று, சிகிச்சையே.

சிகிச்சைக்கு இணங்கச் செய்வது எங்ஙனம்? போதையில் இருப்பவரிடம் பேசிப் பயனில்லை. காலையில் தெளிந்திருக்கும் வேளையில், அவர் மதிக்கும் ஒருவர் தனியே பேசுதல் வேண்டும். குற்றம் சாட்டாது, "இதனால் உனக்கு நேர்ந்தது என்ன? இனி எப்படி வாழ விரும்புகிறாய்?" என்று கேட்க வேண்டும். பிறர் சொல்லும் காரணத்தைவிடத் தாமே சொன்ன காரணம் மனிதனை நடத்தும்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். டாக்டரின் மேற்பார்வை அவசியம். உணவில் மருந்தை இரகசியமாகக் கலத்தலும் கூடாது. அம்மருந்து உட்கொண்டவர் அறியாமல் குடித்தால் கேடு விளையும்.

சென்னையில் 1980-இல் தோன்றிய டி.டி.கே. மருத்துவமனை, 1989 முதல் காவிரிப் பகுதியிலுள்ள மஞ்சக்குடியில் முகாம்கள் நடத்தலாயிற்று. பட்டணம் போக இயலாத ஏழைகளுக்குக் கிராமத்திலேயே சிகிச்சை கிடைத்தது. உள்ளூரார் துணை நின்றனர். குடும்பத்தாருக்கும் போதனை தரப்பட்டது. நமது ஊர்களும் இவ்வழியை எண்ணிப் பார்க்கலாம்.

முகாமோ மருத்துவமனையோ, அங்கே நச்சு நீக்கம் சில நாட்களில் முடிந்துவிடும். ஆயின் ஆசை மாதக்கணக்கில் தொடரும். ஊர் திரும்பிய பின்னரே பெரும் சோதனை. அப்போது பஞ்சாயத்து செய்யத்தக்கவை சில: அவருக்கு வேலை கிடைக்கச் செய்தல்; டாக்டர் குறித்த நாளில் துணைக்கு ஒருவரை அனுப்புதல்; அவர் சம்மதத்துடன் கூலியை மனைவியிடம் சேர்ப்பித்தல்; சித்திரைத் திருவிழாக் காலத்தில் பழைய கூட்டாளிகளிடமிருந்து காத்தல். மீண்டும் குடித்துவிட்டாலும் எள்ளி நகையாடாது, உடனே சிகிச்சைக்கு அழைத்துச் செல்லுங்கள். நீரிழிவு மறுபடி ஏறினால் நோயாளியை விரட்டுகிறோமா?

மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். இவ்விரண்டையும் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள்.

வாய்க்காலில் உடைப்புக் கண்டால் ஊரே மண்வெட்டியுடன் ஓடுகிறது. ஒரு குடும்பம் உடையும்போதும் அவ்வாறே ஓடுவோமாக.